மணல் மூட்டைக்குக் கை கிடையாது

செய்தி வந்தபோது நான் பல் மருத்துவரின் வாசலில் என் முறைக்காகக் காத்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து ஸ்டீபன் பேசினான். ஆரோக்கியசாமியின் மூத்த மகன். "அப்பா போய்ட்டாருங்க சார்" என்றான். என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "எந்த வண்டியில?" என்பதுதான். வண்டியில் இல்லை, காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று பொறுமையாகச் சொன்னான். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வண்டியால் போகவில்லை என்ற நிம்மதி. அவர் போய்விட்டார் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சோதனைப் பிரிவில் வேலை பார்த்த எவரும் இதையேதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

நம் ஊழியர் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பெனி புதிதாக ஒரு மோட்டார் சைக்கிள் செய்தால், அது கடைக்கு வருவதற்கு முன்னால் மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்க ஆள் வேண்டும். திண்டிவனத்துக்கு வெளியே நமக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அங்கே கிளம்பி விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம், திரும்பத் திண்டிவனம். வெயிலோ மழையோ, இதே நடை. பிரம்மதேசம் போகும் சாலையில் ஒரு சிற்றூரிலிருந்து வந்த ஆரோக்கியசாமி, இருபது வருடங்களுக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி ஓட்டினார்.

தொண்ணூற்று மூன்றில் நான் பயிற்சிப் பொறியாளராக அங்கே போய்ச் சேர்ந்தேன். நான் பிறவியிலேயே பயந்தவன். அவர் கிளம்பும் முன் பின்சக்கர நட்டைப் பார்ப்பேன், சங்கிலியைப் பார்ப்பேன், மறுபடியும் நட்டைப் பார்ப்பேன். சாருக்குத்தான் மறை கழண்டிருக்கு என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆரோக்கியசாமி சிரித்ததில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பார். "பொறுமையா பாருங்க சார். நான்தான ஓட்டப் போறேன்" என்பார்.

அவர் ஒன்றும் சூரப்புலி இல்லை. நாள் முழுவதும் வண்டி ஓட்டுகிற மனிதர், மாலையில் வீட்டுக்குப் பஸ்ஸில்தான் போவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "நாள் பூரா மாதா காப்பாத்திக்கினு வந்தாங்க. வீட்டுக்குப் போறதுக்கும் அவங்களையே கேட்டா நல்லா இருக்காது சார்" என்றார். கோயில் படத்தில் சிறகோடு நிற்கும் சம்மனசு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னார். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை.

பல வருடங்கள் கழித்து, நான்குவழிச் சாலை வந்து, விக்கிரவாண்டியில் சுங்கச்சாவடியும் வந்துவிட்ட காலத்தில், நம் நடுத்தர எடை ஸ்போர்ட்ஸ் வண்டியை மாற்றி வடிவமைக்க முடிவானது. பழைய வண்டி நன்றாக ஓடியது. ஆனால் பையன்கள் அதைப் பெரியப்பா வண்டி என்றார்கள். ஆகவே ஹேண்டிலைத் தாழ்த்தி, கால் வைக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளி, பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பின்பக்கம் என்னிடம் வந்தது. அத்தனை வருட வேலையில் நான் முழுதாக வரைந்த முதல் உருவம் அதுதான். பின்சீட்டைக் கைக்குட்டை அளவுக்குக் குறுக்கினேன். பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பி அழகைக் கெடுத்தது. அதை எடுத்துவிட்டு சீட்டின் குறுக்கே பேருக்கு ஒரு பட்டையைத் தைத்தேன். களிமண்ணில் முதல் மாதிரி செய்து வைத்த அன்று சாப்பிடக்கூடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் எப்படி ஓடும் என்று பார்க்க, ஓர் ஆள் எடைக்கு மணல் மூட்டையை சீட்டின் நடுவில் இறுக்கிக் கட்டுவது வழக்கம். மூட்டையோடு வண்டி கம்பீரமாக ஓடியது. மூன்று வாரம் ஓட்டிவிட்டு ஒருநாள் ஆரோக்கியசாமி என்னிடம் வந்தார். "மூட்டை ஒழுங்காத்தான் ஒக்காந்துக்கினு வருது சார். ஆனா மணல் மூட்டைக்குக் கை கிடையாது. நம்ம பொம்பளைங்க ஒரு பக்கமா ஒக்காருவாங்க. இதுல அவங்க எதப் புடிச்சிக்குவாங்க?" என்று கேட்டார். இந்த வண்டியை வாங்குகிறவன் கல்லூரிப் பையன், அவன் பின்னால் புடவை கட்டிய யாரும் உட்காரப் போவதில்லை என்றேன். "ரெண்டு வருசத்துல அவனுக்குக் கல்யாணம் ஆவும் சார்" என்றார்.

மெக்கானிக் ஏழுமலையைப் பிடித்தார். பேண்டுக்கு மேல் ஒரு பழைய புடவையைச் சுற்றி, ஹெல்மெட்டை மாட்டி, ஒரு பக்கமாக உட்கார வைத்துக் கிளம்பினார். சுங்கச்சாவடியில் இருசக்கர வண்டிகள் போகும் ஓரச் சந்தில் இவர்களைப் பார்த்து ஊரே சிரித்ததாம். போகும்போது ஏழுமலையும் கையசைத்துக்கொண்டுதான் போனான். திரும்பி வந்ததும் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, நேராகத் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். ஆரோக்கியசாமி தன் நோட்டில் எழுதினார்: 'எண்பதுக்கு மேல் ஆடுது. பஸ் தாண்டும்போது பின்னால் இருப்பவர் என் தோளைப் பிடிக்கிறார். தோளை இழுத்தால் ஹேண்டில் ஆடுது. ஆட்டம் சீக்கிரம் நிற்க மாட்டேன் என்கிறது. பயமாக இருக்கிறது.'

அவர் தமிழில் எழுதுவதை ஆங்கிலத்தில் மாற்றி மேலே அனுப்புவது என் வேலை. அன்று நான் எழுதி அனுப்பியது இதுதான்: லேசான அதிர்வு, ஓட்டுபவரின் தனிப்பட்ட உணர்வு, ஏற்கத்தக்கது. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. வண்டி வெளிவரும் நாளைக் குறித்துவிட்டார்கள் என்பது ஒரு காரணம். அந்தப் பின்பக்கத்தின் மேல் எனக்கிருந்த ஆசைதான் பெரிய காரணம். நட்டுக்கும் சங்கிலிக்கும் பயந்து செத்த நான், பயப்பட வேண்டிய ஒரே இடத்தில் பயப்படாமல் இருந்தேன்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். நீங்களே சரி என்று சொல்லிவிட்டீர்கள், இனி என்ன கவலை என்று ஆரோக்கியசாமியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஆரோக்கியசாமி அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்த இடத்திலேயே அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் என் வேலை அன்றோடு போயிருக்கும். அவர் சொல்லவில்லை. அதிகாரியின் கார் போன பிறகு, "பயமா இருக்குதுன்னுதான எழுதனேன் சார்" என்று மட்டும் சொன்னார். கருவிகளில் எதுவும் தெரியவில்லை என்று நான் ஏதோ உளறினேன். தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அந்த வண்டி கடைசி ஒப்புதலுக்குப் போவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகக் கொட்டகைக்கு வந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிவாக்கில், பூசை முடிந்து நேராக, மனைவி லூர்து மேரியுடன் ஆரோக்கியசாமி வந்து நின்றார். அந்த அம்மாள் அங்கன்வாடியில் சமையல் வேலை பார்த்தவர். கோயிலுக்குக் கட்டிய நல்ல புடவையில் இருந்தார். "இவ ஒக்காருவா சார். நீங்க ஓட்டுங்க" என்றார் ஆரோக்கியசாமி. வெளியாளைச் சோதனை வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? நான் எடுத்துச் சொன்னேன். "என் பேர்ல நீங்க எழுதிட்டீங்க. என் எடத்துல ஒருவாட்டி ஒக்காந்தும் பாத்துடுங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவர் கொட்டகையில் இருந்த தன் ஹெல்மெட்டை மனைவிக்கு மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையைப் போட்டு, இழுத்துப் பார்த்தார். எதிரில் இருந்த டீக்கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த அம்மாள் ஒரு பக்கமாக உட்கார்ந்தார். சீட்டின் பட்டை அவருடைய புடவைக்கு அடியில் போய்விட்டது. பிடிக்க வேறெதுவும் இல்லாமல் என் இடது தோளில் கை வைத்தார். ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதில் அந்த விரல்கள் இறுகுவது தெரிந்தது. போதும், திரும்பிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. திரும்பினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். எண்பதைத் தொட்டபோது வலப்பக்கம் ஓர் ஆம்னி பஸ் எங்களைத் தாண்டியது. காற்று தள்ளியதும் அந்த அம்மாள் என் தோளைச் சட்டென்று இழுத்துப் பிடித்தார். என் கை இழுபட்டது, ஹேண்டில் ஒருமுறை ஆடியது. அந்த ஆட்டத்தில் அவர் இன்னும் இறுக்கிப் பிடிக்க, அது இன்னும் பெரிதாக ஆடியது. வண்டியின் முன்பக்கம் ஒரு வழியும் நான் ஆசைஆசையாக வரைந்த பின்பக்கம் வேறொரு வழியும் போயின. பிரேக்கைத் தொட்டால் இருவரும் முடிந்தோம் என்பது மட்டும் தெரிந்தது. முறுக்கியதை விட்டேன். என் காதுக்குப் பக்கத்தில் "மாதாவே, மாதாவே" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வண்டி ஓரத்து மண்ணில் இறங்கி, ஆடி ஆடி நின்றது.

அந்த அம்மாள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டார். "மெதுவா போயிரலாங்க சார்" என்றார். அடுத்த திருப்பத்தில் திரும்பி, சைக்கிள்காரர்கள் முறைக்கிற வேகத்தில் வந்து சேர்ந்தேன். ஆரோக்கியசாமி எழுந்து வந்து மனைவியின் ஹெல்மெட்டைக் கழற்றினார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனேன்.

திங்கட்கிழமை காலை, நான் அனுப்பிய அறிக்கை தவறு என்று எழுதிக்கொடுத்தேன். பின்பக்கத்தைத் தாழ்த்தி, சீட்டுக்கு அடியில் சட்டத்துக்குக் கனமான குழாய் வைத்து, பிடிக்கக் கம்பி கொடுத்து, ஹேண்டிலை இரண்டு விரற்கடை உயர்த்தினார்கள். வண்டி அரை வருடம் தாமதமாக வந்தது. பின்னாலிருந்து பார்த்தால் மாமனார் வண்டி மாதிரி இருக்கிறது என்று ஒரு பத்திரிகை எழுதியது. என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்; அது சரிதான். மாற்றிய வண்டியில் மறுபடியும் புடவை கட்டி உட்கார ஏழுமலையைச் சம்மதிக்க வைக்கப் பிரியாணி தேவைப்பட்டது. நோட்டில் ஆரோக்கியசாமி இரண்டே சொற்கள் எழுதினார்: 'ஆடவில்லை. சரி.'

பயம் அதோடு போய்விடவில்லை. வண்டி வெளிவந்த பிறகு இரண்டு வருடம், காலையில் நாளிதழைப் பிரித்ததும் நான் பார்ப்பது விபத்துச் செய்தியைத்தான். அவரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அதையேதான் செய்துகொண்டிருந்தார். போன் வரும். "இன்னைக்கு நம்மளது இல்ல சார்" என்பார். ஒருநாள் நம்முடையதாகவே இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் பக்கம், கணவனும் மனைவியும். இருவரும் ஓடினோம். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடந்த அந்த வண்டியின் பக்கத்தில் ஆரோக்கியசாமி குந்தி உட்கார்ந்து, சீட்டுக்கு அடியிலிருந்த அந்தக் கனமான குழாயை ஒவ்வோர் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் மோதியிருக்கிறார்கள். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். "நம்ம தப்பு இல்ல சார்" என்றார். ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர்களைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஒரு வாய் டீ குடித்தார்.

இவ்வளவு மதித்தும், அவர் மேல் எனக்கு ஒரு குறை இருந்தது. இன்று மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் செய்தது தப்புதான். அதற்காக, ஆடும் என்று தெரிந்த வண்டியில், கை நடுங்குகிற ஒருவன் பின்னால், கட்டிய மனைவியை ஒரு மனிதர் ஏற்றி அனுப்பலாமா? அப்படி என்ன பிடிவாதம்? பல வருடம் பழகியும் இதை நான் அவரிடம் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு லூர்து மேரி அம்மாளிடம் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், அன்றைக்கு உங்களை உட்கார வைத்து ஓட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு வேணாம்னுதாங்க சார் சொன்னாரு. ஒரு வாரமா அவருக்குச் சோறு எறங்கல. எவளோ ஒருத்தி வண்டியிலேருந்து வுழப் போறா, வுழப் போறான்னு சொல்லிக்கினே இருந்தாரு. நான்தான், அந்த ஒருத்திக்குப் பதிலா நான் ஒக்கார்றேன், சார ஓட்டச் சொல்லுன்னேன்" என்றார்.

உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லாமயா? சார் எப்பிடி ஓட்டுவாருன்னு கேட்டேன். 'அவரு ரொம்பப் பயந்தவரு. அவரு பின்னால நீ தைரியமா ஒக்காரலாம்'னாரு."

தான் எழுதியதை மாற்றி எழுதியவனைப் பற்றி, அது தெரிந்த அதே வாரத்தில், அவர் சொன்ன சொல் அது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான்.