தக்தி தொங்கிய வாரம்

கழுத்தின் பின்பக்கம் அந்தக் கயிறு உரசும் இடத்தில் முதலில் அரிப்பு வரும், பிறகு எரிச்சல், மாலைக்குள் சிவப்பாக ஒரு கோடு விழுந்துவிடும். எனக்கு முன்னால் அதைச் சுமந்த பிள்ளைகளின் வியர்வையெல்லாம் ஊறிய சணல் கயிறு அது, பழைய புளியைப் போல நாறும். முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பலகை தொங்கும். 'தமிழில் பேசு' என்று அதில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். நாங்கள் அதைத் 'தக்தி' என்றோம். அந்தப் பெயரே ஹிந்தி என்பது எங்களுக்கும் உறைக்கவில்லை, அதைச் செய்து கொண்டுவந்த எங்கள் வகுப்பாசிரியை லலிதா மிஸ்ஸுக்கும் உறைக்கவில்லை.

டெல்லியில் அரசுக் குடியிருப்புகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டு. ஹிந்தி வகுப்பைத் தவிர வேறு எந்த நேரத்திலும் ஹிந்தி பேசி மாட்டிக்கொள்பவர் கழுத்தில் தக்தி ஏறும். அவர் ஹிந்தி பேசும் இன்னொருவரைப் பிடித்து அதை மாற்றிவிடலாம். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. "கழுத்து வலிச்சாத்தான் உங்களுக்கெல்லாம் நாக்கு திரும்பும்" என்பார் மிஸ்.

திங்கள்தோறும் வகுப்புக் கதவில் 'இந்த வாரம்' என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டப்படும். அதை அப்படியே நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்ததால், நாற்பது வயது தாண்டிய பிறகும் அந்த வாரத்தைக் கிழமை பிசகாமல் சொல்ல முடிகிறது. தசரா விடுமுறைக்கு முந்தைய வாரம் அது. கணக்கில் வட்டமும் ஆரமும், அதற்காக எல்லோரும் காம்பஸ் கொண்டுவர வேண்டும். தமிழில் நண்பனுக்குக் கடிதம். அறிவியலில் விலங்குகளும் அவற்றின் வாழிடங்களும். சனிக்கிழமை பஸ்ஸில் மிருகக்காட்சி சாலை. தக்தி சுமப்பவருக்கு மட்டும் இடமில்லை.

பூனம் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்பா திருநெல்வேலிக்காரர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் கிளார்க். அம்மா கட்வால் மலைப்பக்கத்துப் பெண். வீட்டில் ஹிந்தி மட்டும்தான். இங்கே சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. வெள்ளைப் புலியைப் பார்த்தே தீர வேண்டும் என்று அவள் முடிவு செய்திருந்தாள் போலும். அந்த வாரம் முழுக்க 'ஆமாம்', 'இல்லை', 'தெரியாது' என்ற மூன்று சொற்களைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு அது நல்ல விளையாட்டாகிவிட்டது. இடைவேளையில் சுற்றி நின்றுகொள்வோம்.

"பூனம், நீ கழுதைதானே?"

முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஆமாம்" என்பாள்.

"உங்கப்பா பேரு என்ன?"

"தெரியாது."

"அச்சா, அச்சா" என்று சிரித்த ஒருவன் அதற்காகவே தக்தியை வாங்கிக் கட்டிக்கொண்டான். அது கைமாறிக் கைமாறி, புதன்கிழமை மதியம், பந்து சாக்கடையில் விழுந்தபோது "அரே யார்!" என்று நான் ஹிந்தியில் கத்தியதால் என்னிடம் வந்து சேர்ந்தது. அதன் பிறகு நகரவில்லை. சனிக்கிழமை நெருங்க நெருங்க வகுப்பே ஊமையாகிவிட்டது. நான் பக்கத்தில் போனாலே பிள்ளைகள் உதட்டை மடித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் கணக்கு நோட்டில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் பூனத்தின் கால் தெரிந்தது. சாக்ஸுக்கு மேலே வெறும் சதை. காம்பஸ் முள்ளை அங்கே வைத்து அழுத்தினேன். கால் விலகியது, சத்தம் வரவில்லை. காலைத் தேடிப் பிடித்து இரண்டாம் முறை பலமாகக் குத்தினேன்.

"ஹாய் மம்மி, மர் கயீ!" என்று அலறினாள். அம்மா, செத்தேன் என்று அர்த்தம்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. நான் தக்தியைக் கழற்றி அவள் தலைவழியே மாட்டினேன். மிஸ் எழுந்து வந்தார்.

"என்னடி ஆச்சு? யாரு என்ன பண்ணா? சொல்லு, தமிழ்ல சொல்லு."

பூனம் என்னைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது முழுக்க அவள் வாயில் ஹிந்தியில் இருந்தது. அதைச் சொன்னால் இன்னொரு குற்றம். நெடுநேரம் தேடிவிட்டு, "தெரியாது" என்றாள். மறுபடி சிரிப்பு. அவளுடைய சாக்ஸின் விளிம்பில் சின்னதாகச் சிவப்புப் புள்ளி ஒன்று பரவிக்கொண்டிருந்தது. மிஸ் கண்ணில் அது பட்டது. அவர் பார்வை ஒரு கணம் அங்கே நின்றதை நான் கண்டேன். மணி அடித்தது.

சனிக்கிழமை காலை பஸ் கிளம்பும் நேரத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பூனம் வந்தாள். புது ஃபிராக், தோளில் தண்ணீர் பாட்டில், கையில் டிபன் டப்பா.

"புள்ள ராத்திரி பூரா ஒறங்கல டீச்சர். இந்த ஒரு தடவ விட்ருங்க" என்றார் அவர்.

"ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் சார். நீங்க வீட்ல தமிழ் பேசியிருந்தா இந்த நெலம வருமா?"

ஜன்னல்கள் முழுக்க நாங்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். டிரைவர் பீடியை எறிந்துவிட்டு, "ஜல்தி, மேடம்" என்றார். மிஸ்ஸிடம் கோபித்துக்கொள்ள முடியாத அந்த அப்பா மகள் பக்கம் திரும்பி, "தமிழ்ல வாயத் தொறந்தா என்னட்டி ஒனக்கு?" என்று கன்னத்தில் அறைந்தார். அதையும் தமிழில்தான் சொன்னார். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. டிபன் டப்பா விழுந்து திறந்துகொண்டது. பராத்தாக்கள். பஸ் புறப்பட்டது. அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் ஜன்னலோர இடம் கிடைத்த சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை மிருகக்காட்சி சாலையைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். என் நோட்டில் நான்காவது வாக்கியம் இது: 'எங்கள் வகுப்பில் அனைவரும் வந்திருந்தோம்.' பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று'. பூனம் அதன் பிறகு அந்தப் பள்ளிக்குத் திரும்பவில்லை.

பிற்பாடு பிள்ளைகள் குறைந்து பள்ளி மூடப்பட்டது, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். லலிதா மிஸ் இன்று உயிரோடு இல்லை. கழுத்தில் பலகை மாட்டும் ஆசிரியர் இன்று ஒருநாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார். டெல்லித் தமிழர்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்ப்பது இப்போது என் ஓய்வுநேர வேலை; எந்தக் குடும்பம் எப்போது வந்தது, எந்தத் தலைமுறையோடு தமிழ் நின்றுபோனது என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன்.

போன மாதம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் தமிழ்க் கடையில் பூனத்தைப் பார்த்தேன். கூட வந்த பெண் பெயர் சொல்லிக் கூப்பிட்டதால் சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டேன். கறிவேப்பிலையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "அக்கா, நீங்க தமிழா?" என்றார்.

"தமிழ் நஹீ ஆத்தீ, பையா", தமிழ் வராது அண்ணா, என்று சிரித்தபடி சொல்லிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரியவில்லை.

"முகத்தப் பாத்தா நம்மூர் ஜாடையா இருக்கே சார்" என்றார் கடைக்காரர். "நீங்களும் பாத்துக்கிட்டே நின்னீங்க. தெரிஞ்சவங்களா?"

"இல்லீங்க, யாரோ வடக்கத்திக்காரங்க" என்று சொல்லி, ஒரு கிலோ துவரம்பருப்பு கேட்டேன்.