உபகாரச் சம்பள விண்ணப்பம்

எட்டாம் வகுப்பு சர்க்கார் பரீட்சையில் தேறியதும் எனக்கு முன்னால் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி, மற்றது கல்யாணம். பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விடுதிச் சாப்பாட்டுக்கு உபகாரச் சம்பளம் வந்தால்தான் சேர முடியும். அதற்கு, நாங்கள் வசதியில்லாத குடும்பம் என்று ஊர்க் கணக்கப்பிள்ளை வருமானச் சான்று எழுதித் தர வேண்டும்.

அதற்குச் சாட்சியே தேவையில்லை. பனவடலிசத்திரம் பக்கம் எங்களுக்குக் கரிசல் நிலம் நிறைய உண்டு, மழைதான் கிடையாது. மூன்று வருஷமாகப் பருத்தி முழங்காலுக்கு மேல் வளரவில்லை. பேரு பெத்த பேரு, தாக நீலு லேது, அதாவது பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணீர் இல்லை என்பார்களே, அது நாங்கள்தான்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். சான்று வாங்க என் தகப்பனார், ஐயா, தாமே போவதாகச் சொன்னபோது மனசு குளிர்ந்துவிட்டது. போனவர் எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டியே கொண்டுவந்தார். சங்கரன்கோவில் தபாலாபீசில் அதைச் சேர்த்துவிட்டு, அப்படியே கோவிலுக்குப் போய் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

பதில் சீக்கிரமே வந்தது. வருமானம் வரம்புக்கு மேல் இருப்பதால் உதவி இல்லை என்று ஒற்றை வரி. என் இடம் வேறொருத்திக்குப் போனது. கணக்கப்பிள்ளையை நான் திட்டாத நாள் இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தக் கை விளங்காமல் போக என்று சாபமும் விட்டேன். ஐயா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெற்றிலை மென்றார்.

தை மாதம் ராயகிரியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் காப்பி கொண்டுபோனபோது, மாப்பிள்ளையின் தகப்பனார் விளைச்சலைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். நிலக்காரன் நொடித்துவிட்டான் என்று தெரிந்தால் எங்கள் பக்கம் யாரும் சம்பந்தம் பேசப் படியேற மாட்டார்கள். ஐயா பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"கணக்கப்பிள்ளையே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. வாசிச்சுப் பாருங்க அண்ணாச்சி."

அவர் வாய்விட்டு வாசித்தார், வருமானம் உள்ளதைப் போலப் பல மடங்கு. என் படிப்புக்கென்று வாங்கிய சான்றின் இன்னொரு பிரதி அது. கேட்டதும் காப்பியைத் தட்டில் சிந்திவிட்டேன். பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அவர்கள் போனதும் ஐயாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. கணக்கப்பிள்ளை உள்ளதைத்தான் எழுத வந்தாராம். ஐயாதான் பக்கத்தில் நின்று வருமானத்தைக் கூட்டி எழுதச் சொல்லி, இரண்டு பிரதியாக வாங்கினாராம்.

"என்னப் பஞ்சப்பரதேசின்னு எழுதிச் சர்க்கார் கச்சேரிக்கு அனுப்பச் சொல்லுதியாட்டி? பொறவு ஒன்ன எவன் வந்து கட்டுவான்?"

"நான் கட்டிக்குடுக்கவாய்யா கேட்டேன்? படிக்கத்தான கேட்டேன்."

ஐயா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கணக்கப்பிள்ளை தானாக அப்படி எழுதியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பெற்ற தகப்பன் சிரித்த முகத்தோடு செய்ததை எங்கே போய்ச் சொல்வது?

சித்திரையில் கல்யாணம். கணக்கப்பிள்ளையும் வந்திருந்தார். சாபம் விட்ட பாவத்துக்கு அவர் காலில் மனசார விழுந்தேன். ஐயா காலில், விழச் சொன்னார்கள் என்பதற்காக விழுந்தேன்.