லூர்துவின் கல்யாணத்துக்கு நான் சொன்ன தடை

விதி இதுதான். எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம். தடை ஏதேனும் இருப்பதாகத் தெரிந்தவர் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தடை எதுவும் தெரியாதவர் வாயை மூடிக்கொண்டிருக்கக் கடமைப்பட்டவர் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

எனக்குத் தடை எதுவும் தெரியாது. ஆனாலும் போய்ச் சொன்னேன். என் தங்கை மகள் ஸ்டெல்லாவுக்கும் லூர்துராஜ் என்கிற லாரி ஓட்டுநருக்கும் நடக்கவிருந்த திருமணத்தை நிறுத்தியவன் நான். அவன் கெட்டவன் என்பதால் அல்ல... லாரி ஓட்டினான் என்பதால்!

சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். மன்னிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அதனால் சொல்வது எளிது.

திண்டுக்கல்லில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எதற்காகத் தூங்குகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தப் பணியில் நான் கற்றது ஒன்றே ஒன்று. ஒரு கோப்பைக் கொல்வதற்கு அதை நிராகரிக்க வேண்டியதில்லை. ஒரு விளக்கம் கேட்டால் போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். என் தங்கை ரோசம்மாள் கணவனை இழந்தவள், பள்ளி ஆசிரியை. ஒரே மகள் ஸ்டெல்லா. வடமதுரைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வரன் வந்தது. தங்கைக்குப் பிடித்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. தாய்மாமன் என்ற முறையில் என் ஒப்புதலும் வேண்டும் என்று மாப்பிள்ளையை என்னிடம் அனுப்பினார்கள்.

நான் அவனை நேர்முகத் தேர்வுக்கு வந்தவனைப் போல உட்கார வைத்தேன்.

“மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருப்பாய்?”

“லோடு கெடைக்காட்டி மாசம் பூரா இருப்பேன் சார்.”

“தூக்கம்?”

“மைல்கல்லு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா ஓரங்கட்டிருவேன் சார். ஒண்ணாத் தெரியிற வரைக்கும் ஓட்டுவேன்.”

“குடி உண்டா?”

“வண்டியில ஏறுனா கெடையாது. எறங்குனா... கிறிஸ்மஸுக்குச் செத்த நேரம்.”

சமையலறையில் ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. என் வீட்டில், என் கேள்விக்கு, ஒரு லாரிக்காரன் சொன்ன பதிலுக்குச் சிரிப்பா!

அவனுக்கு உற்சாகம் கூடிவிட்டது. பேசிக்கொண்டே போனான். இங்கிருந்து தேங்காய், அங்கிருந்து பெரிய வெங்காயம். நாக்பூரைத் தாண்டி ஓர் ஊரில் மலேரியாவில் விழுந்த கதையையும் அவனாகவேதான் சொன்னான்.

“மொதலாளி வேற டிரைவர அனுப்பி வண்டிய எடுத்துக்கிட்டாரு சார், என்னைய அங்கயே விட்டுட்டாரு. ரோட்டோரத்துல ஓட்டல் வச்சிருக்க ஒரு அம்மா, நம்ம கிறிஸ்தவ வேதந்தான், அறுவது வயசிருக்கும். தன் வீட்டுல போட்டுக் கஞ்சி ஊத்துச்சு. இப்பவும் அந்தப் பக்கம் போனா சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒண்ணு வாங்கிட்டுப் போவேன். அம்புட்டு ஆசையாக் கட்டிக்கும்.”

நான் தலையாட்டினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்... மனத்துக்குள்.

அன்று மாலை தங்கையிடம் லாரி ஓட்டும் தொழிலின் நன்மை தீமைகளை அலுவலகக் குறிப்புப் போல எடுத்துரைத்தேன். தீமைகள்: நேரத்துக்குத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, முதுகு போகும், மூலம் வரும், விபத்து, வழி நெடுக மாமூல், ஓய்வூதியம் கிடையாது. கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, அந்த நாட்களில் எல்லாரும் தாழ்ந்த குரலில் சொன்ன நோய். நன்மை: நாலு ஊர் பார்க்கலாம்.

“அம்புட்டுத்தானாண்ணே நன்மை?” என்றாள் தங்கை.

“அதற்கு மேல் இருந்தால் நீயே சொல்.”

அவள் சொன்னாள். “அவன் எங்க போனாலும் வீட்டுக்குச் சொல்லிட்டுப் போறவனாம். எம்புருசன் ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்கெல்லாம் போனாருன்னு ஒனக்குத் தெரியும்ல?”

பதில் இல்லாதபோது நான் நடைமுறையைத் தேடிப் போகிறவன்.

இப்போது கேட்கிறேன். அந்தத் தீமைகளில் ஓட்டுநர் செய்த தீமை எது? ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, இடையில் ஓய்வு என்று மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குச் சட்டமே இருக்கிறது. அது எனக்குத் தெரியும்! எந்த முதலாளி அதை மதித்தான்? ஒரே ஆளை இரவும் பகலும் ஓட்டச் சொன்னவன் முதலாளி. சோதனைச் சாவடியில் கை நீட்டியவன் என்னைப் போல் ஒரு மாதச் சம்பளக்காரன். காய்ச்சலில் கிடந்தவனைச் சாலையில் விட்டுப் போனது வண்டியின் சொந்தக்காரன். குற்றம் செய்தவர்கள் எல்லாரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சௌக்கியமாக இருந்தார்கள். பெண் கிடைக்காமல் போனது அவனுக்கு மட்டும்! அவன் கொண்டுவந்த வெங்காயம் உங்கள் வீட்டுச் சாம்பாரில் கொதித்ததே, அதற்கு யாராவது தடை சொன்னீர்களா? நான் சொன்னேனா?

இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது, சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு. செவ்வாய்க்கிழமை திருமணம். புதன் அன்று நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிடும். அதன் பிறகு ஈஸ்டர் முடியும்வரை எங்கள் பங்கில் மேளம் கிடையாது. ஆகவே நான் சனிக்கிழமைவரை காத்திருந்தேன். காலம் பார்த்து அடிப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பங்குச் சாமியார் முதியவர், நல்லவர், விதிக்குப் பயந்தவர்.

“ஏற்கெனவே அவனுக்குக் கல்யாணம் ஆயிருக்குங்கிறீங்களா?”

“அப்படிச் சொல்லவில்லை சாமி. நாக்பூருக்கு அப்பால் நம் வேதத்துப் பெண் ஒருத்தியின் வீட்டில் தங்கியிருக்கிறான். போகும்போதெல்லாம் சேலை வாங்கிக்கொண்டு போகிறான். அவன் வாயாலேயே சொன்னது. தடை இல்லை என்று அந்த ஊர்ப் பங்கிலிருந்து ஒரு வரி வந்துவிட்டால் நமக்கும் நிம்மதி.”

பார்த்தீர்களா? ஒரு வார்த்தை பொய் இல்லை! அறுபது வயது என்பதை மட்டும் விட்டுவிட்டேன். இருபத்தைந்து ஆண்டுப் பணியில் நான் பழகிய கலை அது.

என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சாமியார் கடைசிவரை சொல்லவில்லை. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

திங்கட்கிழமை கோயில் வளாகத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். ஆடு பிடித்தாகிவிட்டது, உறவெல்லாம் வந்திறங்கிவிட்டது. லூர்துவின் சித்தப்பா ஒருவர் கத்தினார்: “ஏலே லூர்து, ஓட்டுற வண்டிக்கு எஃப்.சி. இருக்கு, பெர்மிட்டு இருக்கு, இன்சூரன்சு இருக்கு. ஒனக்குத்தான்டா ஒண்ணும் இல்லையாம்!” சிலர் சிரித்தார்கள். லூர்துவும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பிறகு அவன் சாமியாரிடம் சொன்னான்: “எதுக்குச் சாமி தபால்? வார லோடுல அந்த வழியாத்தான் போறேன். அந்த ஊருச் சாமிகிட்ட நானே கையோட எழுதி வாங்கிட்டு வாரேன்.”

சாமியார் முகம் மலர்ந்தது. பங்குப் பேரவைச் செயலாளன் என்ற முறையில் நான் பக்கத்திலேயே நின்றேன். சொன்னேன்: “சம்பந்தப்பட்டவரே தன் சான்றைக் கொண்டுவருவது முறையல்ல சாமி.”

முறை! அந்த ஊருக்கு மாதம் இருமுறை போய்வருகிற ஒரே மனிதன் அவன். அவனுக்குத் தடை. கடிதமோ தபாலில் போயிற்று. அங்கே சேர்ந்ததா, மொழி தெரிந்தவர் பிரித்தாரா, யாருக்குத் தெரியும்?

ஈஸ்டர் வந்தது. பதில் வரவில்லை. ஸ்டெல்லா காத்திருப்பேன் என்றாள். நினைவூட்டல் எழுதினார் சாமியார். வரவில்லை. “ஒழுங்கானவன் என்றால் இத்தனை நாளாகுமா?” என்று நான் ஒருமுறைதான் கேட்டேன். அது தங்கையின் வாய்க்குப் போய், பக்கத்து வீட்டுக்குப் போய், வடமதுரைக்கே போய்ச் சேர்ந்தது. “ரெண்டு பொண்டாட்டிக்காரன்” என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். மே மாதம் அவன் தாய் வந்து நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். “எம்மகன நம்ப வேணாம். கஞ்சி ஊத்துன அந்த மகராசியவாச்சும் நம்பியிருக்கலாம்ல?” என்று ஒன்றே ஒன்று கேட்டாள். ஸ்டெல்லா அழவில்லை. அதன் பிறகு அவள் காத்திருப்பதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்குக் கீழே வேலை பார்த்த இளநிலை உதவியாளர் ஒருவரை நான் மாப்பிள்ளையாகக் கொண்டுவந்தேன். நிரந்தரப் பணி, ஓய்வூதியம், ஞாயிறு விடுமுறை. தீமை என்று எழுத ஒன்றுமில்லை. ஜூலையில் ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சாயங்காலம் சரியான நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறார், வந்து உட்கார்ந்து, “அந்த டிரைவரை நினைத்துக்கொண்டிருக்கிறாயா?” என்று கேட்கிறார். கல்யாணமான புதிதில் கேட்டதை, இரண்டாயிரம் பிறந்து இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் கேட்டார். தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஸ்டெல்லா என்னிடம் சொல்வது வேறு. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்வாள்: “நல்லவேளை மாமா, பெரியவுங்க விசாரிச்சீங்க. இல்லாட்டி ரெண்டாந்தாரமாப் போயிருப்பேன்.”

நன்றி சொல்கிறாள்... எனக்கு!

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் திருச்சியிலிருந்து வரும்போது வடமதுரைக்கு முன்னால் பேருந்து நின்றுவிட்டது. நல்ல வெயில். ஒரு லாரி வந்து ஓரங்கட்டியது. “சார், ஏறுங்க!” லூர்து. தலை நரைத்திருந்தது. சொந்த வண்டி.

கதவுக் கம்பியைப் பிடித்து ஏற முடியாமல் நான் திணறினேன். மேலிருந்து கை கொடுத்து இழுத்தான். “ஆபீசுல மாடிப்படி ஏறியே பழகிட்டீங்க” என்று சிரித்தான்.

அவ்வளவு உயரத்திலிருந்து எங்கள் ஊரை நான் பார்த்ததே இல்லை. வேலிக்கு அப்பால் தோட்டங்கள் தெரிந்தன, கிணறுகள் தெரிந்தன, தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு பக்கம் சரிந்து தெரிந்தது. நன்மைகளின் கீழ் நான் சொல்லாமல் விட்டவை எத்தனையோ!

“பிள்ளைகள்?” என்று கேட்டேன்.

“பொண்ணு யாரு சார் குடுத்தா? ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கு மூணாவதா எவன் குடுப்பான்?” சிரித்தபடியேதான் சொன்னான். பிறகு கியரை மாற்றினான். “எவன் போய்ச் சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல சார். நீங்க பேரவையில இருந்தீங்களே... ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

பேகம்பூர் திருப்பத்தில் இறக்கிவிட்டான். கதவைச் சாத்தத் தெரியாமல் நான் நின்றேன். அவனே எட்டிச் சாத்திக்கொண்டான்.

அந்த ஊரிலிருந்து பதில் வரவே இல்லையா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேளுங்கள்! என் தங்கை கேட்கவில்லை. ஸ்டெல்லா கேட்கவில்லை. வராது என்று நான் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

வந்தது. எங்கள் பழைய சாமியார் ஜூன் மாதம் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் வந்த அன்றே கேட்டார்: “பழைய கடிதப் போக்குவரத்து ஏதாவது நிலுவையில் இருக்கா?” இல்லை என்று சொல்லியிருந்தேன். கோயில் தபாலைப் பிரிப்பது செயலாளனான நான்; ஆகவே அது என் கைக்குத்தான் வந்தது. நான்கே வரி. அப்படி ஒரு திருமணம் எங்கள் பதிவில் இல்லை, அந்த மூதாட்டியை நேரில் விசாரித்தோம், மகன் நலமாக இருக்கிறானா, பெண் எப்படி இருக்கிறாள் என்று அவர் கேட்கச் சொன்னார், தாமதத்துக்கு வருந்துகிறோம்.

அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஸ்டெல்லாவின் கல்யாணப் பந்தலுக்கு ஆள் பேசப் போனேன்.

அந்த உதவியாளருக்கும் அவளுக்கும் இரண்டு ஓலைதான் அதுவரை வாசித்திருந்தார்கள். மூன்றாவதுக்கு இன்னும் நேரம் இருந்தது. பதில் வந்தது ஜூலை மாதம், அந்த மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்திய வெள்ளிக்கிழமை.