எளாவூர்க் கிணற்றுக்கு விளக்கு வேண்டாம்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். எளாவூர்ப் பக்கத்தில் என் தம்பி கதிரேசனைக் கிணற்று நெருப்பு சுட்டுவிட்டது, அப்படியும் அதிலேயே இறங்கப்போகிறான் என்று ஆள் வந்து சொன்னதும் கிளம்பிவிட்டேன். அவனைத் தடுக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு செய்துதான் சென்ட்ரலில் ரயில் ஏறினேன்.

காலை ஏழரைக்குப் புறப்பட்ட பாசஞ்சர் பத்து மணிக்குக் கும்மிடிப்பூண்டியில் விட்டது. அங்கிருந்து நாலு மைல்; ஜட்காவுக்கு எட்டணா.

"கெணத்துல நெருப்பு வந்த ஊடுதானேம்மா? சாமி குத்தம்னு பேசிக்கினு கீறாங்க" என்றார் வண்டிக்கார பாய்.

"சாமிக்கு வேற வேலை இல்லையா, பாய்?" என்றேன்.

நடந்தது இதுதான். கிணற்றுக்குள் குடைந்த அறையில் ஆயில் என்ஜின் வைத்திருந்தார்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது, டாங்கு ஒழுகியிருக்கிறது. இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் விடுவது அங்கே வழக்கம். அணைந்தால் விஷக்காற்று, யாரும் இறங்கமாட்டார்கள். எத்தனையோ உயிரைக் காத்த வழக்கம்தான். இந்த முறை விளக்கு பெட்ரோல் ஆவியைத் தொட்டுவிட்டது. வெட்டவெளியாக இருந்தால் சூடு நாலு பக்கமும் போயிருக்கும். கிணற்றில் அதற்கு ஒரே வழி, மேலே. அங்கே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி. முகமும் கைகளும் வெந்துபோயின. மணலையும் தண்ணீரையும் கொட்டி அணைத்திருக்கிறார்கள்.

நான் போனபோது கைக்கட்டோடு கிணற்றடியில் நின்றான். பக்கத்தில் கிணற்று வேலைக்காரர் முனுசாமி, கையில் மறுபடியும் ஏற்றிய லாந்தர்! பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. எனக்கு வந்த கோபத்தில் லாந்தரைப் பிடுங்கி, தூரமாய்க் கொண்டுபோய் அணைத்தேன்.

"இன்னாக்கா இது? என்ஜினை எடுக்கலைன்னா பயிரு பூடும்" என்று கத்தினான் தம்பி.

"வெளக்கு எறக்காம ஆள எறக்கமாட்டேம்மா" என்றார் முனுசாமி.

அவர் சொன்னதும் நியாயம். காற்றைச் சோதிக்கத்தான் வேண்டும், நெருப்பில்லாமல்.

"அப்ப கோழிய எறக்குங்க" என்றேன்.

தம்பி பெண்டாட்டிக்கு முகம் வாடிவிட்டது, முட்டையிடுகிற கோழி. ஆனாலும் அவளே அதைக் கூடையில் வைத்துக் கட்டினாள்.

கூடை மேலே வந்தபோது கோழி தலை தொங்கிக் கிடந்தது. தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் எறங்கியிருப்பேன்க்கா" என்றான்.

முனுசாமி வேப்பங்கிளைகளைக் கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கிளறினார். வாடை போக மூன்று நாளாயிற்று. அடுத்த கோழி திட்டிக்கொண்டே மேலே வந்தது. அதன்பிறகுதான் அவர் இறங்கினார். என்ஜின் மேலே வந்தது.

அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஜட்காவைத் திரும்புவதற்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், வெயிலில் வண்டி கிடைக்காது. கிணற்றில் என்ஜின் இருந்தால் மேலே ஏற்றச் சொல்லுங்கள். எண்ணெய் வாடை வந்தால் பீடியைக்கூட அணைக்கச் சொல்லுங்கள். கேட்கமாட்டார்கள், விடாமல் சொல்லுங்கள்.

தம்பிக்குப் புருவம் முளைத்துவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மடங்குவதில்லை. கிணற்றடியில் யாராவது விளக்கை எடுத்தால் அவன் வாதம் செய்வதில்லை, அந்தக் கையை நீட்டிக் காட்டுகிறான்.