பழைய மாப்பிள்ளைக்குக் கலியாணம் பேசப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணும், வசனம் எங்கேயாவது போய் நின்றுவிடும். ஞாபகமும் முன்னைப்போல இல்லை. சிறையிலிருந்து வந்தவர்களுக்கு எங்கள் மாதர் ஐக்கியம் செய்த ஊழியத்தைப் பற்றிச் சபை மலருக்கு ஒருவர் எழுத வேண்டுமாம். பேசத் தெரிந்தவர்கள் எல்லோரும் காரணம் சொல்லித் தப்பிவிட்டார்கள். எனக்குக் காரணம் சொல்ல வராது.

சிறையிலிருந்து வந்த ஒரு மனிதர் என் வீட்டில் தங்க வந்ததும் அப்படித்தான். சிறைக்குப் போய் ஜெபம் செய்துவரும் போதகர் ஐயா, "ஒருவர் வெளியே வாறார், தங்க இடமில்லை" என்று கூட்டத்தில் சொன்னார். ஒருவர் வீட்டில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளை இருந்தது. இன்னொருவர் வீட்டு நாய் கடிக்குமாம். எங்கள் தலைவி, பள்ளிக்கூட ரீச்சர், அவர் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களாம். நான் தலையைக் குனிந்தேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் நாவற்குடாவில் என் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்.

குடித்துவிட்டு மனைவியின் தம்பியைக் கத்தியால் வெட்டியவர் அவர். தம்பி பிழைத்துக்கொண்டான், ஆனால் வலது கை மடங்காது. என் வீட்டில் இருந்த காலத்தில் அவர் பக்கத்து வளவுகளுக்கு வேலி கட்டினார், ஆராதனையில் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார், குறட்டை விட்டார். பேச்சு இல்லை. நானும் பேசமாட்டேன் என்பதால் வசதியாக இருந்தது.

ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "மாமி, அவள் கூப்பிட்டா நான் போவன்" என்றார்.

"கூப்பிடாட்டி?"

"வேலி கட்டுவன்."

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்து அங்கே போய் இருப்பவன். ஆகவே சிறையிலிருந்து வருகிற ஆணுக்குத் தன் வீடு என்று ஒன்றில்லை. மனைவி கூப்பிட வேண்டும். தேற்றாத்தீவில் இருந்த இவர் மனைவி கூப்பிடவில்லை.

நேரில் போய்க் கேட்பது என்று ஐக்கியம் தீர்மானித்தது. வெறுங்கையோடு எப்படிப் போவது? ஒருவர் வாழைப்பழம் என்றார், ஒருவர் வெற்றிலை என்றார், ஒருவர் பலகாரம் சுட்டார். ரீச்சர் தன் வெள்ளித் தட்டத்தைக் கொண்டுவந்தார். நல்ல சேலை உடுத்தி, தட்டத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கல்முனை பஸ்ஸில் ஏறினோம். அவரும் வந்தார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்படி ரீச்சர் சொன்னார். அங்கேயே நின்றார்.

அந்த வீட்டில் கலியாண வயதில் ஒரு மகள் இருப்பதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒழுங்கை முழுக்கப் பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ள எந்த ஊர் கா? என்ன தொழில்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேலி கட்டுறவர்" என்றார் எங்களில் ஒருவர். பொய் சொல்லக்கூடாது அல்லவா.

"வேலி கட்டுறவனுக்கா கா இவ்வளவு எடுப்பு!"

மகள் ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். தாய் வெளியே வந்தாள்.

"புள்ளைக்கு இப்ப கலியாணம் பேசல்ல."

"பிள்ளைக்கில்லை மகள், உங்களுக்கு" என்றார் ரீச்சர்.

"எனக்கு முதலே ஒண்டு முடிச்சித் தந்திட்டாங்க. அது மறியல் கூட்டுல இரிக்கி."

"அவரைத்தான் கொண்டுவந்திருக்கிறோம்."

அவள் துணியை விலக்கிப் பார்த்தாள். "வெத்தில விளையிற ஊருக்கு வெத்தில கொண்டுவந்திரிக்கீங்க" என்றாள். "உள்ள இரிக்கக்குள்ள எல்லாரும் வேதப் புத்தகம் தூக்குவாங்க. வெளிய வந்தா போத்தல் தூக்குவாங்க."

ரீச்சர் ஜெபம் செய்தார். பிறகு நெடுநேரம் பேசினார். பலகாரம் மட்டும் குறைந்தது, நாங்கள்தான் சாப்பிட்டோம். பேசாமல் இருந்தவள் நான் ஒருத்தி என்பதால் அவள் கண் என்மேல் விழுந்தது.

"இவ ஆரு?"

"இவ வீட்டிலதான் அவர் இருக்கிறார்."

என்னை மட்டும் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"இப்பவும் குடிக்காரா?"

"இல்ல மகள்."

"வேற என்ன செய்யிறார்?"

"குறட்டை விடுவார்."

"அப்ப அந்தாள்தான்." அடுப்புக்கு விறகைத் தள்ளினாள். "தம்பி இடக்கையால தின்னமாட்டானாம். இண்டைக்கும் நான்தான் அவனுக்குச் சோறு குழைச்சி வாயில தீத்துறன். அந்தாளுக்கு அது தெரியுமா?"

நான் குனிந்து அடுப்பை ஊதினேன்.

"இப்ப எங்க நிக்கிறார்?"

"பஸ் நிறுத்தத்தில."

"இந்த வெயிலுக்கையா?" ஒரு போத்தலில் தண்ணீர் நிறைத்து என் கையில் தந்தாள். "இதக் குடுங்க. நான் கூப்பிட்டன் எண்டு சொல்ல வேணாம். ஞாயிற்றுக்கிழமை பகல் சோத்துக்கு வரட்டும். தம்பிக்கு அந்தாள் தீத்தட்டும். அவன் வாங்கித் திண்டா மறுகா பாப்பம்."

போத்தலைக் கொடுத்துச் சொன்னேன். அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, வெறும் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

முதல் ஞாயிறு போய் மாலையே திரும்பிவிட்டார்.

"வாங்கினானா மனே?"

"இல்ல மாமி. முகத்தத் திருப்பிட்டான்."

அடுத்த ஞாயிறும் முகத்தைத் திருப்பினானாம். அதற்கடுத்ததும். இவர் ஆராதனைக்கு வருவதில்லை என்று ரீச்சர் முறையிட்டார். இதுவும் ஆராதனைதான் என்றார் போதகர் ஐயா.

பிறகு ஒரு ஞாயிறு, கடைசி பஸ் போயும் அவரைக் காணவில்லை. எடுத்து வைத்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். மறுநாள் உடுப்பு எடுக்க வந்தார்.

"வாங்கிட்டானா?"

"ரெண்டு வாய் வாங்கினான் மாமி. மறுகா உப்புக் காணாதெண்டு ஏசினான்."

இது எந்த மாதம் என்பதும், ரீச்சர் அன்று என்ன சொல்லி ஜெபித்தார் என்பதும் எனக்கு நினைவில்லை. கூடப் போனவர்கள் யாராவது வாசித்து, பிழை இருந்தால் திருத்திவிடவும். சோறு தீத்தியதை மட்டும் அந்த வீட்டில் கேட்டுச் சரிபார்த்து, அவர்கள் சம்மதித்தால் போடவும்.