மாதம்மாளின் மொட்டைப் படம்

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கும் சோடாக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது நூர் பாஷாவின் போட்டோ ஸ்டுடியோ. மனிதர் நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். கையெழுத்துப் போடுவார், பஸ் போர்டு படிப்பார், அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குச் சகவாசம் இல்லை. ஆனால் ஒரு முகத்தைக் கேமரா வழியே ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பத்து வருஷம் கழித்தும் இன்னார் என்று சொல்லிவிடுவார். அவரிடம் "இன்னொன்னு எடுங்க பாய்" என்று மட்டும் யாரும் கேட்கக்கூடாது.

"மொத படமே சரியாத்தான் வுழுந்திருக்குது. உன் மூஞ்சி அப்பிடி இருந்தா நான் என்னய்யா பண்றது?" என்பார்.

வருஷா வருஷம் தை மாதம் அவருக்கு ஒரு நிலையான வேலை உண்டு. சித்தேரி மலையடிவாரத்து ஊர் ஒன்றில், வெளிநாட்டுக்காரர்கள் உதவியில் ஒரு படிப்பு மையம் நடந்தது. நாற்பத்தொரு ஏழைப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சீமையில் எங்கோ ஒருவர் படிப்புச் செலவைக் கட்டினார். பதிலுக்கு அவருக்கு வருஷம் ஒரு கடிதமும் ஒரு போட்டோவும் போகும். கடிதத்தை மையத்துப் பொறுப்பாளர் சவுரியப்பன் இங்கிலீஷில் எழுதுவார். போட்டோ நூர் பாஷா பாடு. அதற்குச் சட்டதிட்டம் உண்டு: பிள்ளை தனியாக நிற்க வேண்டும், மார்பளவு இருக்க வேண்டும், முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், கூட ஆள் கூடாது.

1984-இல் அந்தச் சட்டமே காலை வாரிவிட்டது.

சித்திரை பிறந்த ஒரு வாரத்தில், சவுரியப்பன் வேர்த்து விறுவிறுத்து ஸ்டுடியோவுக்குள் நுழைந்தார். கையில் இரண்டு கடிதம்.

"பாய், என் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே!"

"காலங்காத்தால என்ன சார், உக்காருங்க."

"மாதம்மா பேருல எந்தப் பையனைப் படம் புடிச்சீங்க?"

நூர் பாஷாவுக்குச் சுருக்கென்றது. "பையனா? ஆளை மாத்தி எடுக்குறதுக்கு நான் என்ன கண்ணு தெரியாதவனா?"

சவுரியப்பன் கடிதத்தைத் தமிழில் சொன்னார். மாதம்மாளுக்குச் செலவு கட்டுவது டென்மார்க்கில் இருக்கும் இங்கர் என்கிற அம்மாள். அவர் எழுதியிருந்தார்: மூன்று வருஷமாக ஒரு பெண் குழந்தையின் படம் வந்தது. இந்த வருஷம் ஒரு பையனின் படம் வந்திருக்கிறது. என் பிள்ளை எங்கே? இரண்டாவது கடிதம் மெட்ராஸ் தலைமை அலுவலகத்துடையது. பிள்ளையை மாற்றியிருந்தால் பெயரை அடித்துவிடுவோம், மே பத்தாம் தேதிக்குள் விளக்கம் வேண்டும்.

நூர் பாஷா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். மாதம்மாளேதான். போன வருஷம் மஞ்சள் காமாலையில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தவள். பிழைத்தால் முடி தருவதாக அவள் தாய் தீர்த்தம்மாள் தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டாள். பிழைத்தாள், தைப்பூசத்துக்குப் போய் மொட்டை போட்டார்கள். மறுவாரம் படம். காமாலைக்கு வைத்தியம் பார்க்கக் கம்மலை விற்றிருந்ததால் காதில் வேப்பங்குச்சி. மார்பளவுப் படமாகையால் மேலே சட்டை மட்டும்தான் விழுந்திருந்தது.

"ரெண்டு எட்டு பின்னால போயிருந்தா பாவாட வுழுந்திருக்கும்" என்றார் மெதுவாக. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து யாரும் கேட்டதில்லை.

அவரை மட்டும் சொல்லி என்ன? படத்தை உறையில் போட்டு ஒட்டிய சவுரியப்பனுக்கும் தோன்றவில்லை. மொட்டையடித்த பெண்பிள்ளையை இந்தப் பக்கத்தில் யார்தான் திரும்பிப் பார்க்கிறார்கள்? டென்மார்க்கில் பார்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஊரில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்தது. ஜூனில் மாதம்மாள் ஆறாவதுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி வந்து, விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். இங்கர் அம்மாள் கைவிட்டால் அது நடக்காது. அப்பன் மாயவன் இப்போதே நாலு ஆட்டுக்கு விலை பேசிவிட்டான், மேய்க்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்.

மறுநாள் மையத்துக்குத் தீர்த்தம்மாளை வரச்சொன்னார்கள். நூர் பாஷாவும் போனார்.

சவுரியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தாம்மா, நான் ஒண்ணு எழுதப் போறேன். புள்ளைக்குத் தலையில சொறி, அதனால முடி எடுத்தோம்னு. சரிதான?"

"சொறியா? எம் புள்ள தலையிலயா?"

"பேச்சுக்கு ஒரு வார்த்தைம்மா. இது சர்ச்சுக்காரங்க குடுக்கிற காசு. கோயிலு, வேண்டுதலுன்னு எழுதி, அவங்க மனசு கோணிக்கிட்டா? மத்த நாப்பது புள்ளைங்களையும் நான் பாக்க வேணாமா?"

"சாமிக்குக் குடுத்த முடியச் சொறின்னு எழுதுனா, எனக்குச் சோறு எறங்குமாங்க?"

"அப்ப ஆடு மேய்க்கட்டும்."

"மேய்க்கட்டும்!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு உதடு கோணிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாதம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

நூர் பாஷாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "சார், சொறின்னு எழுதுனா அடுத்த கடுதாசியில டாக்டர் சீட்டு கேப்பாங்க. அப்புறம் டாக்டரையும் நான் படம் புடிச்சுத் தரணுமா?"

"தமாஷுக்கு நேரமில்ல பாய்."

"தமாஷு இல்ல சார். அந்தம்மா சாமியப் பத்தியா கேட்டுச்சு? எம் புள்ள எங்கேன்னு கேக்குது. பெத்தவ கேக்குற மாதிரி கேக்குது. அதுக்குப் பதில் சொல்லுவோம். படத்துல வந்த வம்பு, படத்துலயே தீரட்டும். நான் தீக்குறேன்."

சொன்னவர் அன்று மத்தியானமே இருட்டறைக்குள் புகுந்தார். நாலு வருஷத்து நெகட்டிவும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருந்தது. கறுப்புக் காகிதத்தை வெட்டி, புருவத்துக்கு மேலே இருந்ததையெல்லாம் மறைத்தார். புருவத்திலிருந்து முகவாய் வரை முகம் மட்டும், நாலும் ஒரே அளவில், ஒரே காகிதத்தில் வரிசையாக விழும்படி அச்செடுத்தார். முதல் மூன்று அச்சும் அளவு பிசகிக் குப்பைக்குப் போயின. நாலாவது அச்சில், தட்டிலிருந்த மருந்துத் தண்ணீருக்குள் முகங்கள் மெல்ல எழுந்து வந்தபோது அவரே அதைப் பார்த்தார்: நாலு முகத்திலும் இடது புருவம் நடுவில் அரிசி அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. மூன்று படத்தில் தலைமுடிமேலேயே பார்வை போனதால் அது கண்ணில் படாமலே போயிருந்தது. முடியை மறைத்துவிட்டுப் பார்த்தால், தெரியாதவனுக்கும் தெரியும்.

அதோடு விடவில்லை. மறுநாள் மாதம்மாளைத் தாய் பக்கத்தில், பாவாடை சட்டையோடு, கால்விரல் தெரிய நிற்க வைத்தார்.

"கூட ஆள் இருக்கக் கூடாதுன்னு சட்டம், பாய்" என்றார் சவுரியப்பன்.

"அது ஆளு இல்ல சார், சாட்சி." லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மாடி தீர்த்தம்மா, கோர்ட்டுல நிக்கிற மாதிரி நிக்காத. உன் புள்ளதான?" என்றார். மாதம்மாள் களுக்கென்று சிரித்தாள். அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அமுக்கினார்.

நாலு முகத்திலும் சவுரியப்பன் விரல் வைத்துப் புருவத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனது, தாய் வேண்டிக்கொண்டது, பிழைத்ததும் முடி கொடுத்தது, எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதினார். எழுதியதை வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகுதான் தீர்த்தம்மாள் ரேகை வைத்தாள்.

கடிதமும் படங்களும் கெடுவுக்கு முன்பே மெட்ராஸுக்குப் போய்விட்டன. மே போயிற்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆயிற்று. விடுதியில் இடத்தை இருபதாம் தேதி வரைதான் பிடித்துவைக்க முடியும் என்று சொல்லிவிட்டார்கள். மாயவன் ஆட்டுக்கு முன்பணமே கொடுத்துவிட்டான். கேட்டவர்களிடமெல்லாம், "பதில் வரும், நான் எடுத்த படம்" என்று அதையேதான் சொன்னார் நூர் பாஷா.

பதினெட்டாம் தேதி பதில் வந்தது. மறுநாள் காலை தீர்த்தம்மாளும் மாதம்மாளும் சேர்க்கைப் பாரத்தோடு மையத்தில் நிற்க, நூர் பாஷாவும் வந்திருக்க, சவுரியப்பன் அதைப் படித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் புருவத்தைப் பார்த்தேன், என் பிள்ளை அங்கேயே இருக்கிறாள்; பத்தாவது முடிக்கும்வரை நான் கட்டுகிறேன்; தாயும் மகளும் நிற்கும் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று இங்கர் அம்மாள் எழுதியிருந்தார். அடியில் ஒரு கேள்வி இருந்தது. கொடுத்த முடியைக் கடவுள் என்ன செய்கிறார்?

சவுரியப்பன் நெற்றியைத் துடைத்தார். "இதுக்கு நான் என்னத்த எழுத?"

"நடந்தத நடந்தபடி எழுதுங்க" என்றார் நூர் பாஷா. "குத்தகைக்காரன் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போறான். அப்புறம் பொம்பளைங்களுக்குச் சவுரி முடியா ஆவுது. அந்த வார்த்த உங்க பேருலயே இருக்குது, உங்களுக்கா எழுத வராது?"

சவுரியப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தீர்த்தம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பாரத்தை அவர் முன்னால் தள்ளினாள்.

"சவுரியப் பத்தி சாயங்காலம் எழுதிக்கோங்க சார். ஒன்பதே கால் பஸ்ஸு வந்துரும், மொதல்ல இதுல கையெழுத்தப் போடுங்க."

அவர் போட்டார். மை காய்வதற்குள் பாரத்தைப் பறித்துக்கொண்டு மாதம்மாள் ரோட்டுக்கு ஓடினாள்.