தேதி மட்டும் மாறிய பலகை

என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை சாய்ந்து நிற்கிறது. அருப்புக்கோட்டையில் மாமனார் மிளகாய் வத்தல் மண்டி நடத்தியபோது அன்றாட விலையை எழுதிப்போட்ட பலகை. மண்டியை மூடியதும் வீட்டுக்கு வந்துவிட்டது. இன்று காலையும் அதைத் துடைத்தேன்.

என் வேலையை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். உடற்பயிற்சி செய்தால் முதியவர்களின் நினைவாற்றல் நிலைக்குமா என்று உலகெங்கும் நடக்கும் ஆய்வுகளைத் தொகுக்கும் குழுவில், வீட்டிலிருந்தபடியே வேலை. தொகுத்து முடித்தோம் என்பதே கிடையாது. மாதாமாதம் புதிய ஆய்வுகளைத் தேடிச் சேர்த்து, முடிவு மாறினால் மாற்றி எழுத வேண்டும். "முடியாத வேலைக்கா சம்பளம் தாராக?" என்று என்னைப் பெற்றவளே கேட்டாள். மாமனாருக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. "வெலைப்பலகை மாதிரி. அம்புட்டுத்தான?" என்றார்.

அப்போது மாமியாருக்கு மறதி தொடங்கியிருந்தது. அடுப்பில் பருப்பு இருப்பதே நினைவிருக்காது. நடந்தால் நினைவு தங்க வாய்ப்புண்டு என்று எங்கள் தொகுப்பு அன்று சொன்னது. நான் அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தாமதம், மறுநாளே மாமா அத்தையைக் கூட்டிக்கொண்டு திருச்சுழி ரோட்டில் கிளம்பிவிட்டார். "அவுகளுக்குப் பொழுது போகல, என்னையப் போட்டு இழுக்குறாக" என்று முனகிக்கொண்டே அத்தை செருப்பைத் தேடுவார். மாதம் ஒருமுறை பலகையில் தேதி போட்டு, தொகுப்பின் முடிவை ஒரே வரியில் நான் எழுத வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு.

இரண்டாம் வருஷம் ஒரு மாதம், புதிய ஆய்வுகளைச் சேர்த்ததும் பழைய முடிவு தளர்ந்துவிட்டது. பயன் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றாயிற்று. அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த நடையை நம்பித்தான் மாமா ஒவ்வொரு நாளையும் தள்ளிக்கொண்டிருந்தார். தேதியை மட்டும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டு, வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

யாரிடம்? நாற்பது வருஷம் பலகை எழுதியவரிடம். நடந்துவிட்டு வந்தவர் பார்த்த மாத்திரத்தில், "தேதி மட்டுந்தான் புதுசா இருக்கு தாயி" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல், உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "வெலை எறங்குன அன்னைக்கு நானும் இந்தச் சோலியப் பாத்திருக்கேன். அதான் தெரியுது" என்று ஈரத்துணியை நீட்டினார். துடைத்து, சரியானதை எழுதினேன். இரண்டு முறை வாசித்தார். அழுகை வந்தது எனக்குத்தான். அப்புறம், "பயனே இல்லைன்னு போடலேல்ல?" என்று கேட்டார். அப்படி இல்லை மாமா என்றேன். மறுநாள் ஆறு மணிக்கு அத்தையின் செருப்பை அவரே எடுத்து வாசலில் வைத்தார்.

மாமா இறந்து இரண்டு வருஷமாகிறது. அத்தைக்கு இப்போது என் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஆறு மணியானால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "அவுக எங்க?" என்று இன்றும் கேட்டார். "முன்னால நடந்து போறாக, வாங்க அத்தை" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பொய்தான், தினமும் சொல்கிறேன். திரும்பி வந்து பலகை முன் உட்கார்ந்தேன். இந்த மாதமும் முடிவு மாறவில்லை, போன மாதத்து வரியேதான். முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுதினேன்.